ஜிம்னிக்கு இரண்டு இஞ்ச் லிஃப்ட் கிட் போடலாமா? வீட்டில் நானே மாட்ட முடியுமா?

பெங்களூருவில் ஐந்து கதவு மாருதி ஜிம்னி ஜீப் வைத்திருக்கிறீர்கள். மாதம் ஒரு தடவை கனகபுரா பக்கம் கல்லும் மேடுமாக ஓட்டுகிறீர்கள். அடி தட்டுகிறது, அதனால் உயரமான ஸ்பிரிங் கொண்ட லிஃப்ட் கிட் போட்டு வண்டியைத் தூக்கலாமா என்று கேட்கிறீர்கள். அல்சூரில் இருந்துகொண்டு இதே கேள்வியோடு ஒரு வருடம் அலைந்தவன் நான். போட்டேன், கழற்றினேன், வேறு போட்டேன். மொத்தச் செலவை இன்னும் வீட்டில் முழுதாகச் சொல்லவில்லை.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வண்டிக்கு அடியில் படுத்து, எங்கே கீறல் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பதில் பாதி அங்கேயே இருக்கிறது.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இறுகிய தண்டு. அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டுதான் (சக்கரங்களைச் சுழற்றும் கியர்கள் இருக்கும் கூடு) வண்டியிலேயே தாழ்ந்த இடம். கம்பெனி சொல்லும் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் அதைக் கணக்கில் வைத்துத்தான். ஸ்பிரிங்கை எவ்வளவு உயரமாக்கினாலும் சேஸிஸும் பாடியும்தான் மேலே போகும். ஆக்ஸில் டயரோடு அதே இடத்தில் கிடக்கும். இது தெரியாமல் இரண்டு இஞ்ச் தூக்கிவிட்டு, பழைய பாதைக்குப் பெருமையாகப் போனேன். முன்பு எந்தக் கல்லில் குண்டு மாட்டியதோ, சரியாக அதே கல்லில் மாட்டியது. கூட வந்தவன் இறங்கி வந்து பார்த்துவிட்டு, “மச்சா, கல்லு உன்னை ஞாபகம் வெச்சிருக்கு” என்றான்.

கீறல் அந்தக் குண்டில் இருந்தால் உங்களுக்குத் தேவை டயர். டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் உயரம் கிடைக்கும். கம்பெனி டயர் 195/80 R15, விட்டம் சுமார் 693 மி.மீ. எல்லோரும் ஆசையாகப் போடும் 215/75 R15-க்கு மாறினால் கிடைப்பது வெறும் 5 மி.மீ. 235/75 R15 என்றால் 20 மி.மீ. கிடைக்கும். ஆனால் டயர் கனம் கூடும், இழுவை குறையும், கணக்குப்படி மீட்டர் 100 காட்டும்போது வண்டி 106-ல் ஓடும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் எங்காவது உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கீறல் நடு வயிற்றிலோ பம்பரின் கீழ் விளிம்பிலோ இருந்தால், சரி, லிஃப்ட் உதவும். வெளிநாட்டு மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2250 மி.மீ., நம்முடையது 2590. அந்த நீளத்தால்தான் மேட்டு உச்சியில் வயிறு தட்டுகிறது.

கிட் வாங்கும்போதும் அந்த நீளத்தை மறக்காதீர்கள். மூன்று கதவு வண்டிக்கு என்று செய்த கிட்டுகள் சந்தையில் நிறைய. நம் வண்டி கனம் கூடியது, பின்னால் பயணிகளும் பையும் ஏறும். ஐந்து கதவுக்கான ஸ்பிரிங்தானா என்று கேட்டு, பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். கம்பிப் பம்பர், வின்ச் எதுவும் இல்லாதவர் கனமான லோடுக்கான ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி காலி லாரி மாதிரி குதிக்கும்.

வண்டி சாமான் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டில் யாராவது ஸ்பேசர் (பழைய ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் தடித்த வளையம்) மட்டும் போட்டால் போதும் என்பார்கள். நான் முதலில் போட்டது அதுதான். பழைய ஷாக் அப்சார்பர் அதிகபட்சம் நீளக்கூடிய அளவு மாறாது, ஆனால் நின்ற நிலையிலேயே அது முன்பைவிட அதிகமாக நீண்டிருக்கும். குழியில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முடியும் இடத்தில் ‘டங்’ என்று அடிக்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கிட்டாகவே வாங்குங்கள்.

உயரம்? 40 மி.மீ. போதும் என்பது என் கட்சி. இரண்டு இஞ்சோ அதற்கு மேலோ போனால் பின்னாலேயே பிரச்சனை ஒவ்வொன்றாக வரும். வண்டி உயர உயர, முன் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகள் அதைச் சற்றுத் திருப்பிவிடும். கேஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். வளைந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ஓசூர் ரோட்டில் 90-ல் போகும்போது கையில் ஏதோ மிதக்கிற உணர்வு வந்தது எனக்கு. அதற்கு அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் கேஸ்டர் புஷ் தனியாக வாங்கி, பிரஸ்ஸில் வைத்து மாட்டினேன். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பானார்ட் ராடின் நீளம் மாறாததால் ஆக்ஸில் ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகரும். அட்ஜஸ்ட் செய்கிற ராடு போட்டால்தான் நடுவுக்கு வரும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கைச் சரிசெய்து ஸ்டீயரிங்கை நேராக்காவிட்டால் ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்து கடுப்பேற்றும். எங்கள் அம்மா திருப்பத்தூர் கிளம்பும்போது ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டியிருக்கிறது. அது இப்போது டிக்கியிலேயே இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி கம்பெனியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரண்டி, இன்ஷூரன்ஸ் இரண்டிலும் சிக்கல் வரலாம். ‘எல்லோரும் போடுகிறார்கள்’ என்பது கிளெய்ம் நேரத்தில் உதவாது. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

வீட்டில் மாட்டலாமா? ஸ்பிரிங் கம்ப்ரஸர்கூட வேண்டாம், ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஆக்ஸிலை இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். ஆனால் வண்டி சேஸிஸில் வைத்த ஸ்டாண்டின் மேல் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஆக்ஸிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், டிஃபரன்ஷியலுக்குக் காற்று போய்வரும் பிரீதர் குழாய் மூன்றும் இழுபடுகின்றனவா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

நான் முதலில் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டார்கள். தரையில் இறக்கியதும் ஒவ்வொரு ரப்பர் புஷ்ஷும் முறுக்கிய நிலையிலேயே நின்றது. ஆறு மாதத்தில் கிரீச் சத்தம்; கழற்றிப் பார்த்தால் ரப்பர் கிழிந்திருந்தது. புதுசு மாட்டிக் கொடுத்த லிங்கராஜபுரம் அண்ணன் போல்ட்டுகளைக் கையளவில் திருகி, வண்டியைத் தரையில் இறக்கி, பம்பரைப் பிடித்து நாலு தரம் குலுக்கினார். “இப்போதான் அது தன் இடத்துல உக்காந்திருக்கு தம்பி, இப்போ இறுக்கு” என்று, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சை என் கையில் கொடுத்தார்.

அப்புறம் வீல் அலைன்மென்ட். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை பாருங்கள். என் வண்டியில் அப்போதும் இரண்டு தளர்ந்திருந்தன.