ஒரு கால்பந்து அணி புது ஆட்டமுறைக்கு மாறும்போது ஏன் இவ்வளவு தடுமாறுகிறது?

கேட்டவர் இங்கிலாந்து கிளப்பான மென்செஸ்டர் யுனைடெட்டை மனதில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார். "கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள், கோச்சர் முறையை மாற்றியதும் பந்தே தொடாதவர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்களே, ஏன்?" என்பது கேள்வி. நான் இலங்கை மலையகத்தில் டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து அணிக்குப் பதினோரு வருடம் பெக் (பின்னால் நின்று தடுக்கிறவன்) ஆடியவன், இதே கூத்து எங்களுக்கும் நடந்தது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பழைய ஆட்டத்தில் ரகசியம் ஒன்றும் கிடையாது. கீப்பர் கைக்குப் பந்து வந்தால் தூக்கி அடிப்பான், முன்னால் நிற்கும் நெட்டையன் தலையால் தட்டிவிடுவான், இரண்டு பேர் பின்னாலேயே ஓடுவார்கள். எங்கள் மைதானத்துக்கு அது பொருத்தமும்தான். மலையை வெட்டிச் சமப்படுத்திய இடம் என்று பெயர், ஆனால் ஒரு பக்கம் சரிவு, கீழ்க்கோட்டைத் தாண்டினால் தேயிலை. ஜூன், ஜூலை மழையில் அதற்குள் பந்து எடுக்கப் போனவன் காலில் அட்டையோடுதான் திரும்பி வருவான்.

அப்புறம் எங்கள் தோட்டத்து டிவிஷனில் பிறந்து, கொழும்பில் ஒரு கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் ஊரோடு வந்து சேர்ந்தார். "தூக்கி அடிக்கிறத நிப்பாட்டுங்கடா, கீழ இருந்து பாஸ் பண்ணி வாங்க" என்றார். அடுத்த ஐந்து மேட்சில் நான்கு தோல்வி. ஐந்தாவதில் தோற்காததற்கும் மழை வந்து ஆட்டத்தை நிறுத்தியதுதான் காரணம்.

அவர் சொன்ன கணக்கில் பிழையே இல்லை. கோல் கிக் (கோலுக்கு முன்னாலிருந்து பந்தை மறுபடி ஆட்டத்துக்கு அனுப்பும் உதை) எடுக்கும்போது இரண்டு பெக்கும் பெனால்டி பெட்டியின் இரண்டு ஓரங்களுக்கு விரிந்து நிற்க வேண்டும், நடுவில் ஒரு ஹாஃப் (நடுக்கள ஆட்டக்காரன்) இறங்கி வர வேண்டும். எதிரணியில் இரண்டு ஃபோர்வட் வந்து நெருக்கினாலும் எங்களில் ஒருவன் எப்போதும் மறிக்க ஆளில்லாமல் சும்மா நிற்பான். 2019இல் விதி மாறியபின் கோல் கிக்கைப் பெட்டிக்குள்ளேயே வாங்கலாம் என்பதால் இது இன்னும் சுலபம். சரி, அந்தச் சும்மா நிற்கிறவனை யார் கண்டுபிடிப்பது? பந்து காலுக்கு வந்த பிறகு தலையைத் தூக்கித் தேடினால் அதற்குள் எதிராளி உங்கள் மேல் விழுந்திருப்பான். வருவதற்கு முன்பே தோளைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும், உடம்பைப் பாதி திருப்பி நின்று வாங்க வேண்டும். பதினோரு வருடம் பந்தை மட்டும் பார்த்துப் பழகிய என் கழுத்து அதற்குத் திரும்பவே மறுத்தது. அடுத்து இன்னொன்று: பழைய முறையில் பிழை விட்டால் பந்து நடுக்கோட்டுப் பக்கம் போகும், எட்டுப் பேர் அதற்குப் பின்னால் நிற்போம். புது முறையில் பிழை விட்டால் பின்னால் கீப்பரும் கடவுளும்தான்.

ஆனால் இதற்கெல்லாம் மேலே, எங்களைக் கவிழ்த்தது நாங்கள் பாதி மாறியதுதான். எங்கள் ஃபோர்வட் மூவரில் இரண்டு பேர் கொழும்பில் கடைகளில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் வருவார்கள், பயிற்சிக்குக் கிடைப்பதில்லை. அதனால் பின்னால் நாங்கள் நான்கு பேர் சின்னச் சின்னப் பாஸாகப் போட்டுக்கொண்டிருப்போம், அவர்கள் பழைய நினைப்பில் எதிரணி கோலை நோக்கி ஓடிவிடுவார்கள், நடுவில் ஒரு லயத்தையே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டையே) கட்டிவிடலாம் போல வெறும் இடம். அதில் பந்தை இழந்தால் எதிரணிக்கு விருந்து. பழைய ஆட்டத்தை ஒழுங்காக ஆடியிருந்தாலும் இவ்வளவு கோல் வாங்கியிருக்க மாட்டோம்.

யுனைடெட்டில் நான் பார்த்ததும் ஏறக்குறைய இதுதான். 2024 நவம்பரில் சீசன் நடுவில் ரூபன் அமோரிம் பயிற்சியாளராக வந்தார். பின்னால் மூவர், ஓரங்களில் மேலும் கீழும் ஓடுகிற விங் பெக், நடுவில் இருவர் மட்டும் என்ற அந்த முறையில் ஸ்போர்ட்டிங் அணியை இரண்டு முறை போர்த்துகல் சாம்பியனாக்கியவர், எனவே முறை மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது விங் பெக்கின் நுரையீரலில் ஓடுகிற முறை. அவர் வந்தபோது அங்கே அந்த இடத்துக்கென்றே வாங்கிய ஆள் கிடையாது, சாதாரண பெக்குகளை ஏற்றி விட்டார்கள். அவர்கள் ஏறத் தாமதித்தால் முன்னால் ஆள் பற்றாது, ஏறிவிட்டால் நடுவில் இரண்டு பேர் எதிரணியின் மூவரைத் துரத்திக்கொண்டு திரிவார்கள். 42 புள்ளியோடு 15ஆம் இடத்தில் முடிந்தது. வாரம் இரண்டு மேட்ச் இருந்தால் சொல்லிக்கொடுக்க நாள் எங்கே?

பேர்போன பயிற்சியாளர் குவார்டியோலாவும் மென்செஸ்டர் சிட்டியில் முதல் சீசனில், 2016-17இல், ஒரு கிண்ணமும் எடுக்கவில்லை. பெக்குகள் வயதானவர்கள், காலால் ஆடத் தெரிந்தவர் என்று கொண்டுவந்த கீப்பர் பிராவோ கோல்களை விட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் கீப்பர் எடர்சன், பெக் வோக்கர் எல்லாம் வந்தபின் 100 புள்ளி. மேதைக்கே ஆளை மாற்றத்தான் வேண்டியிருந்தது. எனவே ஆட்டக்காரனை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்களுக்கு ஆளை மாற்ற வசதி ஏது? அண்ணன்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். மேல்பக்கத்தில் மட்டும் பாஸ், சரிவுப் பக்கம் பந்து போனால் யோசிக்காமல் அடித்துவிடு என்றார். கொழும்பில் இருந்த இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்து, தினமும் பயிற்சிக்கு வந்த இரண்டு சின்னப் பையன்களை முன்னால் போட்டார், அதனால் இரண்டு வீட்டில் அவரோடு பேச்சே நின்றுபோனது. நான்கு மாதம் கழித்து, கீப்பரிடமிருந்து ஏழெட்டுப் பாஸில் போய் ஒரு கோல் போட்டோம். போட்டவனைவிடக் கீப்பர்தான் அதிகம் குதித்தான்.

மழை கொட்டுகிற நாளில் மட்டும் இன்றைக்கும் பழையபடி தூக்கித்தான் அடிக்கிறார்கள். அண்ணன் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.