ஒரு விமான நிறுவனம் தன் ஹப் நகரத்தைப் போட்டியாளரிடம் எப்படி இழக்கிறது?

கேள்வியைப் பார்த்ததும் சாம்பியாவின் தலைநகர் லுசாகாவைச் சேர்ந்த ஒருவர்தான் நினைவுக்கு வந்தார்.

நான் ஜோகன்னஸ்பர்க்கில் பல வருடங்களாக இருக்கிறேன். முன்பெல்லாம் ஊருக்குப் போவதென்றால் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸில் நேராக மும்பை, அங்கிருந்து சென்னை. ஒரு முறை பக்கத்து இருக்கையில் அந்த லுசாகா பெரியவர். சென்னையில் இதய ஆபரேஷனாம். ஸ்கேன் பிலிம் இருந்த பழுப்பு உறையை மேலே வைக்கச் சொல்லி பணிப்பெண் இரண்டு தடவை கேட்டும் கொடுக்கவில்லை. மும்பை வரை மடியிலேயே இருந்தது.

ஹப் என்றால் பயணிகள் விமானம் மாறுகிற மைய ஊர். அதை ஹப் ஆக்குவது அந்தப் பெரியவர்தான். விழுப்புரம் ஜங்ஷன் பெரிதானது அங்கே இறங்குகிறவர்களால் அல்ல, வண்டி மாறுகிறவர்களால். மாறுகிறவர் வேறு பக்கம் போனால் ஜங்ஷன் வெறும் ஸ்டேஷன்.

அவர் வந்த வழியை யோசியுங்கள். லுசாகாவிலிருந்து சென்னை வடகிழக்கே இருக்கிறது. அவரோ முதலில் இரண்டு மணி நேரம் தெற்கே, சவுத் ஆப்பிரிக்கனின் ஹப்பான ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்தார். வேறு வழி இல்லாதவரை வருவார். எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபா அவர் போகிற திசையிலேயே இருக்கிறது. எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் அதைத்தான் பிடித்துக்கொண்டது. 2021 கடைசியில் சாம்பியா ஏர்வேஸ் மறுபடி பறக்கத் தொடங்கியபோது அதில் 45 சதவீதம் எத்தியோப்பியனின் பங்கு. 2022இல் அடிஸிலிருந்து சென்னைக்கே பயணிகள் விமானம் விட்டார்கள்.

சவுத் ஆப்பிரிக்கன் என்ன செய்தது? 2015இல் மும்பை, பெய்ஜிங் தடங்களை நட்டம் என்று வெட்டியது. கணக்குப் புத்தகத்தில் சரிதான். ஆனால் மும்பை விமானம் நின்றால் மும்பைக்காக லுசாகாவிலும் ஹராரேயிலும் ஏறியவர்களும் வரமாட்டார்கள். அப்புறம் அந்தச் சின்ன விமானங்களில் இருக்கை காலி. அதுவும் நட்டக் கணக்கில் சேரும், அடுத்து அதையும் வெட்டலாமா என்று பேச்சு வரும். ஸ்வெட்டரில் ஒரு நூலை இழுத்த கதை.

2019 டிசம்பரில் நிறுவனம் திவாலைத் தவிர்க்கும் மீட்பு நடவடிக்கைக்குள் போனது. 2020இல் பறப்பதே நின்று, 2021 செப்டம்பரில்தான் கொஞ்ச விமானங்களோடு திரும்பியது. என்னைக் கேட்டால் பெரிய அடி அதுவல்ல. சின்ன ஊர்களிலிருந்து ஆள் கொண்டுவந்து சேர்த்த ஏர்லிங்க், பல வருடம் சவுத் ஆப்பிரிக்கனின் விமான எண்ணில்தான் பறந்தது. 2020இல் பிரிந்து சொந்த எண்ணுக்குப் போனது. 2024இல் அதில் 25 சதவீதப் பங்கை கத்தார் ஏர்வேஸ் வாங்குவதாக அறிவித்தது. வாய்க்கால் அதேதான், பாய்கிற வயல் வேறு. துபாயின் எமிரேட்ஸோ இங்கே கடற்கரையில் இருக்கிற டர்பனுக்கே நேராக வருகிறது. டர்பன்காரர் துபாய் போக ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

ஜோபர்க் உயரமான ஊர், காற்று மெலிது, கனமான விமானம் எழும்பத் திணறும், அதனால்தான் இப்படி என்று இங்கே ஒரு வாதம் உண்டு. ஜோபர்க் விமான நிலையம் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம். அடிஸ் 2,300 மீட்டருக்கும் மேல். அந்தச் சாக்கு செல்லாது.

இத்தனைக்கும் விமான நிலையம் காற்று வாங்கவில்லை. வந்து பாருங்கள், வரிசை வாசல் வரை நிற்கும். அது இந்த ஊருக்கு வருகிறவர்கள், இந்த ஊரிலிருந்து போகிறவர்கள் கூட்டம். சாவோ பாலோ, பெர்த் தடங்களை சவுத் ஆப்பிரிக்கன் மறுபடி தொடங்கியது புத்திசாலித்தனம் என்பேன். தெற்கிலிருந்து தெற்குக்குப் போகிறவருக்கு அடிஸ் சுற்றுவழி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகையில் அடிஸில், சென்னை கேட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு லுசாகா குடும்பம், கையில் அதே மாதிரி உறை. ஜோபர்க் வழியாக வந்தீர்களா என்று கேட்டேன்.

"எதற்கு?" என்றார் அந்த அம்மா.