தெரிந்த விஷயத்துக்குப் பெயர் வைக்கும் படிப்பு

வணக்கம்.

சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். ஒரு பருவம் முடிந்துவிட்டது. தகுநிலை (சமூகத்தில் ஒருவர் இருக்கும் இடம்), பங்கு (அந்த இடத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது), சமூக நெறி, சமூகமயமாதல் (சமூகத்தின் வழக்கங்களைக் கற்றுக்கொள்வது) என்று பக்கம் பக்கமாக வரையறைகள். உறுப்பினர்கள் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு குழு எதிர்பார்ப்பதே சமூக நெறியாம். இது யாருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரிந்ததற்குப் பெரிய பெயர் வைப்பதுதான் இந்தத் துறையா என்று வகுப்பில் கேட்டேன், சிரித்துவிட்டார்கள். இன்னொன்று: இந்தத் துறையின் முன்னோடிகளில் துர்கைம் ஒன்று சொல்கிறார், வெபர் அதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறார். யார் சொல்வது சரி? யாரிடமிருந்து தொடங்குவது?

கே.

அன்புள்ள கே.,

சிரித்தவர்களை விடுங்கள். இதே கேள்வியை 1949இல் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரே எழுப்பியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது சாமுவேல் ஸ்டௌஃபர் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு, அமெரிக்கப் படைவீரர்கள் லட்சக்கணக்கானோரிடம் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கியது. அது நூலாக வந்தபோது மதிப்புரை எழுதிய லாசர்ஸ்ஃபெல்ட், சில முடிவுகளை எடுத்துப் பட்டியல் போட்டார். படித்த வீரர்களுக்கு மற்றவர்களைவிட மன உளைச்சல் அதிகம். கிராமத்திலிருந்து வந்தவர்கள் நகரத்துக்காரர்களைவிட ராணுவத்தில் உற்சாகமாக இருந்தார்கள். சண்டை நடந்தபோது வீட்டுக்குப் போகத் துடித்த அளவு, ஜெர்மனி சரணடைந்த பிறகு அவர்கள் துடிக்கவில்லை.

படிக்கும்போதே தலை தானாக ஆடும். படித்தவன் அதிகம் யோசிப்பான், அதனால் உளைச்சல். கிராமத்தான் உடல் வருத்தத்துக்குப் பழகியவன். குண்டு விழும் இடத்திலிருந்து யாருக்குத்தான் ஓடத் தோன்றாது? இதைக் கண்டுபிடிக்க இத்தனை செலவா?

அப்புறம்தான் லாசர்ஸ்ஃபெல்ட் போட்டு உடைக்கிறார்: பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் ஆய்வு கண்டதற்கு நேர் எதிரானது. உளைச்சல் அதிகம் இருந்தது படிப்பு குறைந்தவர்களிடம். உண்மையான முடிவை முதலிலேயே சொல்லியிருந்தால் அதற்கும் இதே வேகத்தில் தலையாட்டியிருப்போம், காரணமும் சொல்லியிருப்போம். ‘தெரிந்ததுதானே’ என்ற உணர்வு பெரும்பாலும் பதிலைக் கேட்ட பிறகு வருகிறது. நான் மாணவனாக இருந்தபோது இதை யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ வரையறைகளை அலுப்பில்லாமல் படித்திருப்பேன்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம். விமானப்படையில் பதவி உயர்வு தாராளமாகக் கிடைத்தது. ராணுவக் காவல் பிரிவில் அபூர்வம். எந்தப் பிரிவில் பதவி உயர்வு முறை பற்றி முணுமுணுப்பு அதிகம்? விமானப்படையில்தான். பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காவிட்டால் உறுத்தும். யாருக்குமே கிடைக்காத இடத்தில் உறுத்த என்ன இருக்கிறது? மனிதர்கள் தங்கள் நிலையைத் தனியாக எடைபோடுவதில்லை, யாரோடு தங்களை வைத்துப் பார்க்கிறார்களோ அவர்களைக் கொண்டே போடுகிறார்கள். இதைத்தான் ஒப்பீட்டு இழப்பு என்கிறோம். இந்தக் கருத்து இல்லையென்றால் அந்தப் புள்ளிவிவரம் வெறும் புதிர். ஒரு கருத்தாக்கத்தை நான் மதிப்பிடுவது இப்படித்தான்: எந்தப் புதிரை அவிழ்க்க அது வந்தது? எந்தப் புதிரையும் அவிழ்க்காதது என்றால் உங்கள் புகார் நியாயம்தான். பாடநூல்களில் அப்படிச் சிலவும் இருக்கின்றன, மறுக்க மாட்டேன்.

சரி, சிந்தனையாளர்கள். பாடநூல்கள் அகஸ்ட் காம்ட் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரிலிருந்து தொடங்குகின்றன. அவர் முதலில் ‘சமூக இயற்பியல்’ என்றுதான் சொல்லிவந்தார். 1835இல் கெட்லே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர் அதே சொல்லைத் தன் நூலில் பயன்படுத்தவே, பாதி லத்தீன், பாதி கிரேக்கம் கலந்து ‘சோஷியாலஜி’ என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். பெயர் கிடைத்த கதையாக அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தொடங்க வேண்டியது துர்கைமிடம். சமூகத்தைப் படிக்கத் தனியாக ஒரு துறை தேவை என்று அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு 1897இல் அவர் எடுத்துக்கொண்ட பொருளைப் பாருங்கள்: தற்கொலை. ஒரு மனிதன் முற்றிலும் தனியாக எடுக்கும் முடிவு என்று நாம் நினைப்பது. அவருடைய சகோதரி மகன் மார்செல் மோஸ் சுமார் 26,000 பதிவுகளை வயது, பால், மணவாழ்க்கை என்று கையாலேயே பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு நாட்டிலும் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறவில்லை, ஆனால் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஆட்கள் வேறு, காரணங்கள் வேறு, விகிதம் மட்டும் கிட்டத்தட்ட அதே. கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டன்ட்களிடம் அதிகம், மணமானவர்களைவிட மணமாகாதவர்களிடம் அதிகம். அப்படியென்றால் தனிமனிதருக்கு வெளியே ஏதோ ஒன்று இருக்கிறது, அது அவரை இழுக்கிறது அல்லது பிடித்து நிறுத்துகிறது. இதைத்தான் அவர் ‘சமூக உண்மை’ என்றார். அரசுப் பதிவேட்டை அவர் அதிகம் நம்பிவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். குடும்பம் காரணத்தை மறைத்தால் பதிவேட்டுக்கு எப்படித் தெரியும்? நியாயமான அடிதான். ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது.

வெபரின் கேள்வி வேறு. இரண்டு பேர் சைக்கிளில் வந்து மோதிக்கொள்கிறார்கள். மோதல் ஓர் இயற்கை நிகழ்வு மாதிரி, மரக்கிளை விழுவது போல. மோதாமல் ஒதுங்கப் பார்த்தார்களே, மோதிய பிறகு திட்டினார்களே, அல்லது சமாதானமாகப் பேசினார்களே, அதெல்லாம் சமூகச் செயல் என்கிறார் வெபர். மழை வந்ததும் தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் குடை விரிப்பது அப்படியல்ல. ஒவ்வொருவரும் மழைக்குத்தான் பதில் சொல்கிறார்கள், ஒருவருக்கொருவர் அல்ல. செய்கிறவர் தன் செயலுக்கு என்ன அர்த்தம் கொடுக்கிறார், அதில் இன்னொருவரை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளாமல் வெறும் விகிதத்தை வைத்து என்ன செய்வது என்பது அவர் கட்சி.

ஆக, ஒரே கேள்விக்கு இருவரும் இரண்டு பதில் சொல்லவில்லை. ஒருவர் ஏன் இந்த விகிதம் என்கிறார், இன்னொருவர் இதைச் செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்கிறார். வேடிக்கை என்னவென்றால், இருவரும் சமகாலத்தவர்கள், துர்கைம் 1917இலும் வெபர் 1920இலும் இறந்தார்கள், ஆனால் ஒருவர் எழுத்தில் மற்றவரைப் பற்றிய பேச்சே கிட்டத்தட்ட இல்லை. ‘துர்கைமா வெபரா’ என்ற பட்டிமன்றம் பின்னால் நாம் வைத்தது. என் சாய்வு வெபர் பக்கம். ஆனால் அவர் வாக்கியங்கள் முடிச்சு முடிச்சாக இருக்கும், முதலாண்டில் வேண்டாம். மார்க்ஸைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அவர் தன்னைச் சமூகவியலாளர் என்று சொல்லிக்கொண்டதே இல்லை.

கடைசியாக, சமூக நெறி. ஹெரால்ட் கார்ஃபிங்கல் என்ற அமெரிக்கர் 1960களில் தன் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை உங்கள் வீட்டிலேயே அறை வாடகைக்கு எடுத்தவர் போல நடந்துகொள்ளுங்கள். மரியாதையாக, ஒதுங்கி, கேட்டால் மட்டும் பேசி. வீடுகள் திகைத்துப்போயின. உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, என்ன கோபம் என்று கேள்விகள். ஒரு மாணவர் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சாப்பிடலாமா என்று அம்மாவிடம் பணிவாக அனுமதி கேட்டார். இத்தனை வருஷமாகக் கேட்காமல்தானே எடுத்துத் தின்கிறாய், உனக்கு என்ன ஆயிற்று என்று அந்த அம்மா எரிந்து விழுந்தார்.

அனுமதி கேட்டதற்குத் திட்டு! ‘கேட்காதே’ என்ற விதியை அந்த வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை, மீறும் வரை அப்படி ஒரு விதி இருப்பதே யாருக்கும் தெரியாது. உங்கள் பாடநூல் வரையறையில் விடுபட்டது அந்த அம்மாவின் எரிச்சல்.

தகுநிலையும் பங்கும் இதிலேயே இருக்கின்றன. மகன் என்பது தகுநிலை. கேட்காமல் எடுப்பது மகனின் பங்கு, கேட்டுவிட்டு எடுப்பது வாடகைக்கு இருப்பவரின் பங்கு. அந்த மாணவர் தகுநிலையைத் தொடவில்லை, பங்கை மட்டும் கொஞ்ச நேரம் மாற்றிப் பார்த்தார். வீடு அதற்கே கலங்கிவிட்டது.