ஷெப்பர்ட்ஸ் பை: கறியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

கேள்வி: குளிர் வந்தாலே எங்கள் வீட்டில் ஷெப்பர்ட்ஸ் பை கேட்பார்கள். கீழே ஆட்டுக் கொத்துக்கறி, மேலே உருளைக்கிழங்கு மசியல், ஓவனில் வைத்து எடுப்பேன். இப்போது மகள் வீகன் ஆகிவிட்டாள், பால், முட்டைகூடச் சாப்பிடுவதில்லை. விடுமுறைக்கு வரும் மாமியார் சுத்த சைவம், காளான்கூடத் தொடமாட்டார். கணவருக்குக் கறிதான் வேண்டும். மூன்று தனித்தனியாகச் செய்ய என்னால் முடியாது.
‍- வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: மூன்று எதற்கு? மகளுக்குச் செய்வதையே மாமியாரும் சாப்பிடலாம். (உங்கள் கணவர் கறி சாப்பிடுவது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கப்போவதில்லை.) கடையில் விற்கும் போலிக் கறி மட்டும் வேண்டாம், பார்க்க அசல் கொத்துக்கறி மாதிரியே இருப்பதால் மாமியார் தட்டைத் தள்ளிவிடுவார்.

கறிக்குப் பதில் பச்சை லென்டில்ஸ், ஐந்து பேருக்குக் கால் கிலோ. உடைத்த மைசூர் பருப்பு வேண்டாம், அது குழைந்து சாம்பார் ஆகிவிடும். குக்கரும் வேண்டாம், திறந்த பாத்திரத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம், முழுசாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

கறி போனால் கூடவே போவது அதன் கொழுப்பும் சாறும், அதை ஈடுகட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி, வெங்காயம் நன்றாகச் சிவக்கும்வரை பொறுமையாக வதக்குங்கள், அப்புறம் இரண்டு மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட் போட்டு அது கருஞ்சிவப்பாகும்வரை பிரட்டி, ஒரு டீஸ்பூன் மார்மைட் (உப்பான ஈஸ்ட் பேஸ்ட்), தைம், ரோஸ்மேரி, காய்கறி ஸ்டாக். காளானுக்குப் பதிலாக வறுத்துப் பொடித்த வால்நட் ஒரு கைப்பிடி. கரம் மசாலா டப்பா பக்கம் போகாதீர்கள், அப்புறம் அது வேறு பண்டம்.

வழக்கமாக ஊற்றும் வூஸ்டர்ஷைர் சாஸ் வேண்டாம், பிரபலமான லீ அண்ட் பெரின்ஸ் பிராண்டில் நெத்திலி வகை மீன் இருக்கிறது. ஸ்டாக் கட்டியிலும் சிலவற்றில் பால் பொடி இருக்கும். பிரிட்டனில் பால், முட்டை, மீன் எல்லாம் லேபிளில் தனித்துத் தெரியும்படி, பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம்.

மசியலுக்கு ஒரு கிலோ உருளைக்கிழங்கு, மாரிஸ் பைப்பர் வகை நல்லது. வெந்ததும் வடித்து, அதே சூடான பாத்திரத்தில் ஒரு நிமிடம் ஆவி போக விடுங்கள், இல்லாவிட்டால் சொதசொதவென்று ஆகிவிடும். வெண்ணெய்க்குப் பதில் நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் சூடான ஓட்ஸ் பால். இனிப்பு சேர்க்காத பால்தானா என்று பார்த்து வாங்குங்கள், வெனிலா மணத்தோடு உருளைக்கிழங்கை யார் சாப்பிடுவது!

கீழே போகும் கலவை கெட்டியாகவும் ஆறியும் இருந்தால்தான் மசியல் அதற்குள் மூழ்காது. மேலே முள்கரண்டியால் கோடு இழுத்தால் அந்த மேடுகள் மொறுமொறுப்பாகும். 200 டிகிரியில் அரை மணி நேரம்.

கணவருக்குச் சின்னக் கிண்ணம் ஒன்றில் கறி, மேலே இதே மசியல். சைவத் தட்டை முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் கறிக் கிண்ணத்துக்கு வாருங்கள், கரண்டி கலக்காது. ஓவனில் சைவம் மேல்தட்டில், கறி கீழ்த்தட்டில்.

கேள்வி: பாஸ்தா மேல் பார்மசான் சீஸ் துருவிப் போடுகிறேன். அது சைவம்தானே?
‍- வாசகர், கோவை

பதில்: இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மசான் சைவமில்லை. பாலைத் திரிய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். பச்சைப் புள்ளி போட்ட வேறு சீஸ் வாங்குங்கள்.