மிளகாய் நாற்று சாய்வதற்குப் பூச்சி காரணமல்ல

செங்கலடியில் மேடையில் விதைத்த மிளகாய் நாற்று 12ஆம் நாளிலிருந்து வட்டம் வட்டமாகச் சாய்கிறது, பூச்சிமருந்து இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மருந்துக் காசு வீண். சாய்ந்த நாற்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். புழு வெட்டியிருந்தால் தண்டு கத்தரித்ததுபோல் துண்டாகியிருக்கும். மண்ணை ஒட்டிய இடம் நீர் கோத்து, பழுப்பேறி, நூலாக மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண் பங்கசுகளின் வேலை.

சாய்ந்தவற்றையும், சுற்றி நாலு விரல் அகலத்துக்கு நன்றாக நிற்பவற்றையும் மண்ணோடு அள்ளித் தூரப் போடுங்கள். கூட்டெருக் குழியில் வேண்டாம். மாலையில் தண்ணீர் விடுவதை இன்றே நிறுத்துங்கள். காலையில், மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள். நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள். மாரி மழைக்குப் பொலித்தீன் கூரை போட்டிருந்தால் பக்கங்களைத் திறந்து வையுங்கள், காற்று ஓட வேண்டும். எஞ்சியதற்குப் பங்கசுநாசினி ஊற்றலாம். எது, எவ்வளவு என்பதை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் அல்ல.

விழுந்தது எழும்பாது. நானும் ஒரு மாரியில் முழு மேடையையும் இழந்தவன்தான்.

அடுத்த முறை மேடையை ஒரு சாண் உயர்த்தி, விதைக்குமுன் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி, தீ காற்றை எதிர்த்து நகரும்படி கொளுத்துங்கள். அப்போதுதான் தீ மெதுவாக நகர்ந்து சூடு மண்ணுக்குள் இறங்கும்.