கத்தி பிடித்த கையை அலை ஆட்டாதா?

கேள்வி: ஏழை நாடுகளுக்குப் போகும் மருத்துவக் கப்பல்களில், ஆடிக்கொண்டே எப்படி ஆபரேஷன் செய்கிறார்கள்?

ஆடிக்கொண்டு செய்வதில்லை. இந்தத் தொண்டுக் கப்பல்களில், துறைமுகத்தில் கயிறு கட்டி நிறுத்திய பிறகுதான் ஆபரேஷன் தியேட்டர் திறக்கும். 'மெர்ஸி ஷிப்ஸ்' அமைப்பின் 'குளோபல் மெர்ஸி' 174 மீட்டர் நீளம், 6 தியேட்டர்கள். ஒரே துறைமுகத்தில் ஏறக்குறைய 10 மாதம் நிற்கும். மின்சாரத்துக்குச் சொந்த ஜெனரேட்டர் உண்டு. தண்ணீர்தான் தலைவலி. நடுக்கடலில் கடல்நீரை நன்னீராக்கிக்கொள்ளலாம். துறைமுக நீரிலோ எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கும்.

கேள்வி: பத்து மாதம் எதற்கு? மளமளவென்று முடித்துவிட்டுக் கிளம்பலாமே?

அறுப்பது ஒரு நாள் வேலை, ஆறுவது மாதக்கணக்கு. தீக்காயத் தழும்பு இழுத்து, தாடை நெஞ்சோடு ஒட்டிப்போனவரை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து நிமிராததால், மயக்க மருந்து கொடுத்தபின் வழக்கம்போல வாய் வழியே குழாய் விட முயன்றால் மூச்சுப்பாதை கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அதனால் அவரை விழிப்பிலேயே வைத்து, மூக்கையும் தொண்டையையும் மட்டும் மரக்கச் செய்து, நுனியில் கேமரா உள்ள வளையும் கருவியை மூக்கு வழியே செலுத்தி, அதன்மேல் சுவாசக் குழாயைச் சறுக்கி இறக்குவார்கள். பிறகு தழும்பை விடுவித்து, தொடையில் சீவிய தோலை ஒட்டுவார்கள். ஒட்டிய தோலுக்குச் சுருங்கும் குணம் உண்டு. மாதக்கணக்கில் கழுத்துப் பட்டையும் பயிற்சியும் தவறினால் தாடை மறுபடி இறங்கிவிடும்.

கால் வளைந்த குழந்தைகளைக் கப்பல் வந்த புதிதிலேயே எடுத்துக்கொள்வதும் இதனால்தான்: எலும்பைத் திருத்தி, மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, நடை பழக்க வேண்டும். கண்புரைக்கு இவ்வளவு நாள் தேவையில்லை.

கேள்வி: யாரைத் திருப்பி அனுப்புவார்கள்?

கப்பல் போன பிறகும் சிகிச்சை தொடர வேண்டியவர்களை. கீமோதெரபி தேவைப்படும் புற்றுநோய் ஓர் உதாரணம். 'முடியாது' என்று சொல்வதுதான் அங்கே மிகக் கடினமான வேலை. இதே கணக்கு கத்தியின் ஆழத்தையும் தீர்மானிக்கும். முன்கழுத்துக் கழலையில் தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுத்தால், அது சுரக்கும் ஹார்மோனுக்கு ஈடாக ஆயுளுக்கும் தைராக்ஸின் மாத்திரை வேண்டும். அது ஊரில் கிடைக்காதென்றால், முடிந்தவரை ஒரு பகுதியை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

கேள்வி: ரத்தத்துக்கு என்ன வழி?

கப்பல் ஊழியர்களே ரத்த வங்கி. வகையும் தொற்றும் முன்கூட்டியே பரிசோதித்துப் பட்டியல் வைத்திருப்பார்கள். தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தால், சமையலறையில் இருப்பவரும் கையைக் கழுவிவிட்டு ரத்தம் கொடுக்க ஓடுவார்.