மகன் கல்லு பொறுக்குறான், மழை வந்தா தூங்க மாட்டேங்கிறான்

கேள்வி: அக்கா, நாங்க ஹப்புத்தளை பக்கம் தோட்டத்துல இருக்கோம். மகனுக்கு எட்டு வயசு. ஸ்கூல் விட்டு வர்றப்போ பேக்ல பாதி கல்லுதான், அது பரவாயில்ல. எங்கம்மா மீரியபெத்தை மண்சரிவு கதைய சொல்லப்போக, இப்போ ராவுல மழை பெஞ்சா தூங்குறதில்ல, மண்ணு ஏன் சரியுதுன்னு ஒரே நச்சரிப்பு. நான் எட்டாம் ஆண்டு வரைக்கும்தான் படிச்சேன். சயன்ஸ் கிட் வாங்கிக் குடுக்கவா, டியூஷன் போடவா?

பதில்: ரெண்டும் வேணாம் தங்கச்சி, காச மிச்சம் பண்ணுங்க. மொதல்ல ஒன்னு, "நம்ம பக்கம் அப்படி வராது, தூங்கு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. 2014 ஒக்டோபர் 29ல கொஸ்லந்தை மீரியபெத்தையில நடந்தது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு, இனி பொய் சொன்னா நீங்க சொல்ற மத்ததையும் நம்ப மாட்டான்.

வெயில் நாளா பாத்து ரோட்டுக்கு மலைய வெட்டுன எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க (குளவிக்கூடு இருக்கான்னு நல்லா பாத்துட்டு!). மேல வேரோட கருப்பு மண்ணு, அதுக்குக் கீழ செவப்பும் மஞ்சளுமா, அதுக்கும் கீழ பாத்தா கல்லு மாதிரியே கோடு கோடா இருக்கும் ஆனா கையால நசுக்குனா பொடியாயிடும், அதுக்கடியிலதான் உண்மையான பாறை. கல்லுதான் மழையிலயும் வெயில்லயும் கெடந்து இத்துப்போயி மண்ணாகுது, அதுல உள்ள இரும்பு துருப்புடிச்சுதான் அந்தச் செவப்பு. இது தெரிஞ்சா மண்சரிவு பாதி வெளங்கிடும். கெட்டிப் பாறை மேல பொலபொலன்னு மண்ணு உக்காந்திருக்கு, மழைத்தண்ணி எறங்கி பாறையில முட்டி நிக்குது, மண்ணுக்கு பாரம் ஏறுது, மண்ணுக்கு மண்ணு இருந்த பிடி விட்டுப்போகுது, சரிவான எடம்னா வழுக்கிட்டு வந்துடும். வீட்டுலயே செஞ்சு காட்டலாம், பலகைய சாச்சு வச்சு பொலித்தீன் விரிச்சு மேல மண்ணக் கொட்டி, போத்தல் மூடியில ஓட்ட போட்டு தண்ணி தெளிக்கச் சொல்லுங்க. எப்போ சரியுதுன்னு அவனே பாக்கட்டும்.

அடுத்து மழைய அளக்குற வேலைய அவன்கிட்ட குடுங்க, பயத்துக்கு இதுதான் மருந்து. நேரா இருக்குற சோடா போத்தல் ஒன்ன மேல்பக்கம் வெட்டி தலைகீழா புனல் மாதிரி சொருகுங்க, அடி மேடு பள்ளமா இருக்கும்ல, அதுல சின்னக் கல்லு போட்டு அது மூழ்குற வரைக்கும் தண்ணி ஊத்தி அங்க பூஜ்யம்னு கோடு போடுங்க, அதுல இருந்து மேல அடிமட்டம் வச்சு மில்லிமீட்டர் குறிங்க. மரம், கூரை மேல இல்லாத வெட்டவெளியில வச்சு தெனம் காலையில ஒரே நேரத்துக்குப் பாத்து கொப்பியில எழுதணும். மண்சரிவு எச்சரிக்கை குடுக்குற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற கணக்கு, 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டுனா கவனமா இருக்கணும், 100 தாண்டுனா வெளியேற ரெடியா இருக்கணும், 150 தாண்டுனா எழும்பிப் போயிடணும். ஒரு மணித்தியாலத்துலயே 75 பெஞ்சாலும் போகத்தான் வேணும். ஆனா தங்கச்சி, போத்தல்ல கம்மியா இருக்குன்னு அறிவிப்ப அசட்டை பண்ணாதீங்க. நிலத்துல புதுசா வெடிப்பு, பீலித்தண்ணி திடீர்னு கலங்குறது இல்லாட்டி நின்னு போறது, மரமோ போஸ்டோ சாயுறது, கதவு இறுகுறது, இதெல்லாம் கண்டா மழை கணக்கு பாக்காம வெளிய வந்துடுங்க. பெரிய மனுசங்களே கவனிக்காதத இந்த வயசுப் பிள்ளைக கவனிக்கும், நான் பாத்திருக்கேன்.

இப்போ அந்த பேக்ல உள்ள கல்லுக்கு வருவோம். கழுவிட்டுப் பாருங்க, வெள்ளையும் கருப்புமா பட்டை ஓடுனா அது நைஸ்ங்கிற பாறை, நம்ம மலையில அதுதான் எங்கயும். மினுமினுன்னு ஏடு ஏடா உரியுறது மைக்கா, கண்ணாடி மாதிரி வெள்ளையா கெட்டியா இருந்தா குவார்ட்ஸ், கருஞ்செவப்பு குண்டு குண்டா பதிஞ்சிருந்தா கார்னட். இந்தப் பாறையெல்லாம் பூமிக்குள்ள 20 கிலோமீட்டருக்கும் கீழ வெந்து நெரிஞ்சு உருவானது, 50 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, அப்போ இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் ஒட்டிக் கெடந்துச்சு. இத அவன்கிட்ட சொல்லிப் பாருங்க, கேள்வி இன்னும் கூடும், தாங்கிக்கங்க. அக்கம்பக்கத்துல யாராவது வந்து மாணிக்கமான்னு கேப்பாங்க, இல்லன்னு அனுப்பிடுங்க, லைசன்ஸ் இல்லாம தோண்டுனா சட்டப்பிரச்சினை வேற.

வாசிக்க ஏதாவது வேணும்னா, பெரிய பிள்ளைக இருக்குற வீட்டுல ஆறாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகம் பழசு கேட்டு வாங்குங்க. நீங்க எட்டு வரைக்கும் படிச்சவங்கதானே, ரெண்டு பேரும் சேந்தே வாசிக்கலாம்.